ரீச்சரிட்டக் கேளுங்க: மீனுக்கு ஒரு வாளி

போன மாதம் இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டிருந்தேன்: "சாமான் வாங்கும்போது சுற்றாடலையும் யோசிக்கிறீங்களா? யோசிக்கப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்களா?" வழக்கமாக மாதத்துக்கு ஒன்பது பத்துக் கடிதம் வரும். இந்த முறை வட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியே முப்பதைத் தாண்டிவிட்டது. அதில் பாதி கேள்வி, பாதி புருசன் பெண்சாதி வழக்கு. வழக்குகளில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருஷம் மனையியல் படிப்பித்தவள் நான், நீதவான் இல்லை.

கேள்வி: எங்கள் பாடசாலையில் தாய்மாருக்கு 'நிலைபேறான நுகர்வு', அதாவது நாளைக்கும் மிஞ்சும்படி வாங்கிப் பாவிப்பது, என்று ஒரு கருத்தரங்கு வைத்தோம். பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீன் தின்கிற வீடியோவைப் போட்டேன். சில உம்மாமார் அழுதே விட்டார்கள். முடிந்ததும் சிற்றுண்டியை ரெஜிபோம் என்கிற நுரைப் பிளாஸ்டிக் பெட்டியிலும் தேத்தண்ணியைப் பிளாஸ்டிக் கப்பிலும் கொடுத்தோம். கூட்டி அள்ளும்போது இரண்டு உரப்பை நிறையக் குப்பை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மார்ச்சில் இன்னொரு கருத்தரங்கு இருக்கிறது. எப்படிச் செய்யலாம் ரீச்சர்?
*(ஆசிரியை, அக்கரைப்பற்று)*

வெட்கப்படாதீங்க தங்கச்சி. நான் செய்த கூத்து இதைவிட மோசம்.

2018இல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கிராமத்து மாதர் சங்கத்துக்குப் பேசப் போனேன். யாரோ காசு தந்தார்கள் என்று அறுபது துணிப்பை தைப்பித்து, 'சுற்றாடலைக் காப்போம்' என்று பச்சை எழுத்தில் அச்சடித்து, ஆளுக்கொன்று கொடுத்து, கைதட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று கிழமை கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் பைக்குள் வெங்காயம் தொங்குகிறது. இன்னொரு வீட்டில் அது தலையணை உறை. மூன்றாவது வீட்டில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் அதற்குள் வைத்து அலுமாரிக்கு மேலே பத்திரமாக இருக்கிறது. கடைக்குப் போனது ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "புதுப் பையக் கொண்டுபோய் சந்தையில ஊத்தையாக்கிறதா ரீச்சர்?" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டதில் என்ன பிழை?

அடுத்த வருஷம் அதே ஊருக்குப் பை இல்லாமல், படம் இல்லாமல் போனேன். ஆறு வீட்டுக்காரரிடம் மட்டும் ஒரு கிழமைக்குக் குப்பையைக் கொளுத்தாமல் சேர்த்து வையுங்கள் என்றேன். எங்கள் ஊர்களில் விடிய வளவு கூட்டி, மூலையில் குவித்து, நெருப்பு வைத்தால்தானே பலருக்கு அன்றைய வேலை தொடங்கும்? "எங்கட வீட்டில என்ன குப்பை கிடக்குகா, நாங்க ஏழைச் சனம்" என்று சிரித்தார்கள். ஏழாம் நாள் மாமரத்தடியில் பழைய பன்பாய் ஒன்றை விரித்து ஆறு மூட்டையையும் கொட்டினோம். மீன் செதிலும் மரக்கறித் தோலும் ஏற்கெனவே கோழிக்கும் தென்னைக்கும் போய்விட்டன. கொட்டியதில் பிஸ்கட் உறை, பால்மா உறை, உடுப்புத் தோய்க்கிற தூள் பக்கெற், யோகட் கப் எல்லாம் இருந்தன. ஆனால் பாயில் பாதியை மூடியது சொப்பிங் பேக். எண்ணிப் பார்த்தோம், 78. ஒரு கிழமைக்கு, ஆறே ஆறு வீட்டுக்கு.

அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. அவர்களே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வழக்குப் பேசத் தொடங்கிவிட்டார்கள். "இது மரக்கறிக் கடைட. இது பச்சை மிளகாய் அம்பது ரூவாக்கு வாங்கினது. இது ரெண்டு தேசிக்காய்க்கு, ரெண்டு தேசிக்காய்க்கு ஒரு பையா, ச்சீ. இது மீன்காரன்ட, மணக்குது, தூரப் போடு." கழுவிப் பாவிக்க ஏலாததும் பூனை இழுத்து வளவெல்லாம் பரப்புவதும் இந்த மீன் பைதான். 78இல் 19 அது. "சரி, மறுகா என்ன செய்வம்?" என்று அவர்களே கேட்டு, அவர்களே முடிவும் எடுத்தார்கள்: மீனுக்கு மட்டும் வாளி. மூடியுள்ள சின்ன வாளியைப் படலையடியில் தொங்கவிடுவது. மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்காரர் முதல் நாள் ஒரு மாதிரிப் பார்த்தாராம். இரண்டாம் கிழமை, வாளி வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு சின்ன மீன் கூடப் போட்டாராம், அவருக்குப் பைக் காசு மிச்சம்தானே. அதோடு பதினைந்து வீட்டுப் படலையில் வாளி ஏறிவிட்டது.

மற்ற ஐம்பத்தொன்பது பை என்ன ஆனது என்று கேட்காதீங்க. பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது. ஒரு கூட்டத்தில் ஒரு பொருளைத்தான் மாற்றலாம். இரண்டு என்று பேராசைப்பட்டால் இரண்டும் போகும்.

உங்கள் கருத்தரங்குக்கு வருகிறேன். அக்கரைப்பற்றுச் சனத்துக்குப் பள்ளக்காடு வெளிநாடு இல்லை, சுற்றியுள்ள ஊர்களின் குப்பை போய்ச் சேர்ந்த இடம். 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது, எட்டு வருஷத்தில் இருபதளவு யானைகள் அந்தக் குப்பையைத் தின்று இறந்ததாக உலகப் பத்திரிகைகள் எழுதின. வீடியோ போடுவதானால் கடைசியில் போடுங்க. முதலில் தாய்மாரை ஒரு கிழமைப் பை கொண்டுவரச் சொல்லி எண்ண வையுங்க. எண்ணிய கையோடு யானையைப் பார்க்கும்போது "பாவம் யானை" என்று வராது, "அது எங்கட கடைப் பை மாதிரி இருக்கு" என்று வரும். சிற்றுண்டிக்கு ஆளுக்கொரு கோப்பை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்க. ரெஜிபோம் பெட்டி 2017இலும் பிளாஸ்டிக் கப், தட்டு, கரண்டி 2023 ஒக்டோபரிலும் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டவை. சட்டப்படியும் நீங்கள் பிழை. அதிபரிடம் இதைச் சொன்னால் கோப்பை விஷயம் கெதியாக ஒப்பேறும்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சொப்பிங் பேக்குக்குக் காசு எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. சனம் என்னோடு சண்டை. "ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கினவனிடம் பைக்குக் காசு கேட்கிறாயே" என்கிறார்கள்.
*(கடைக்காரர், ஏறாவூர்)*

காக்கா, சண்டை உங்களோடு இல்லை, பழக்கத்தோடு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் கட்டளை 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது, விலையைக் கடையில் காட்சிக்கு வைக்க வேண்டும், பில்லிலும் அது தெரிய வேண்டும். விலையைப் பெரிய எழுத்தில் காசு மேசைக்குப் பின்னால் அல்ல, வாசலில் ஒட்டுங்க. சாமானெல்லாம் மேசையில் குவிந்த பிறகு "பைக்குத் தனிக் காசு" என்றால் எனக்கும் கோபம் வரும். வாசலில் வாசித்தவர் திரும்பிப் போய் சைக்கிள் கூடையை எடுத்து வருவார்.

பை முன்பும் சும்மா வரவில்லை. நீங்கள் மொத்தக் கடையில் கட்டுக் கட்டாய் வாங்கி, அந்தச் செலவைச் சீனியிலும் பருப்பிலும் ஏற்றி வைத்திருந்தீர்கள். பை கேட்காதவரும் அதற்குக் காசு கட்டினார். இதை யாராவது சண்டைக்கு வந்தால் சிரித்துக்கொண்டு சொல்லுங்க.

இன்னொன்று. பிஸ்கட், சவர்க்காரம் வருகிற மட்டைப் பெட்டியை நீங்கள் பின்னால் கட்டி வைத்திருப்பீங்க. அதை முன்னால் கொண்டுவந்து, "வேண்டியவர் எடுக்கலாம்" என்று வையுங்க. என் அப்பா வயதுள்ள ஒரு கடைக்காரர் காத்தான்குடியில் இருந்தார். பருப்பு, மல்லி எல்லாம் பேப்பர்ச் சரையில் சுற்றி, நூலால் நாலு சுற்றுக் கட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். நூலையும் பேப்பரையும் உம்மா சேர்த்து வைப்பா என்று அங்கேயிருந்து படிக்க வந்த பிள்ளைகள் சொல்வார்கள். அந்தக் காலம் திரும்பி வரப்போவதில்லை. வடை, ரோல்ஸ் மாதிரி எண்ணெய்ப் பலகாரத்தை அச்சு மையுள்ள பேப்பரில் சுற்றுவது கூடாது என்றும் இப்போது தெரியும். ஆனால் காய்ந்த சாமானுக்குச் சரை இன்றைக்கும் தோதுதான்.

கேள்வி: நான் ஒரு தொண்டர் குழுவில் இருக்கிறேன். கூலி வேலை செய்கிற குடும்பங்கள் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பக்கெற்றாகவே வாங்குகின்றன. பெரிதாக வாங்கினால் காசும் மிச்சம், குப்பையும் குறைவு என்று எத்தனை தரம் விளக்கினாலும் ஏறவில்லை. எப்படிப் புரிய வைப்பது?
*(இளைஞர், கல்முனை)*

தம்பி, அவர்களுக்குப் புரிந்துதான் இருக்கிறது. புரிய வேண்டியது நமக்கு.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். பக்கெற் ஷம்பு வாங்குவதைக் கண்டு கடை வாசலிலேயே பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பெரிய போத்தல் வாங்கினா பெருசாத்தான் முடியும் ரீச்சர். பொடிசுகள் கையில ஊத்தி விளையாடும். பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் தாங்க எண்டு வந்தா இல்லை எண்ட ஏலாது. பக்கெற் எண்டா முடிஞ்சு போச்சு எண்டு சொல்லலாம்." மாலையில் கூலி வாங்கி, அந்தக் காசுக்குள் அரிசி, எண்ணெய், சீனி, பிள்ளைக்குக் கொப்பி என்று பிரிக்கிறவளுக்குச் சின்னப் பக்கெற் ஒரு பூட்டு. அந்தப் பூட்டைப் பறித்துவிட்டு நாம் எதைக் கொடுக்கிறோம்?

அவர்கள் வீட்டில் பானைக்குள் சோறு மிஞ்சாது, லைட் சும்மா எரியாது, பழைய சாரம் கிழிந்து கைப்பிடித் துணியாகி, திரியாகித்தான் சாகும். நிலைபேறு பற்றி அவர்கள் நமக்கு வகுப்பெடுக்கலாம். பக்கெற் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமானால் கையிலுள்ள காசைப் பெரிதாக்காமல் மாற்ற வேண்டும். இரண்டு வழி எங்கள் பக்கம் நடந்தது. தேங்காய் எண்ணெய்க்குப் போத்தல் கொண்டுபோனால் அளந்து ஊற்றுகிற கடை இன்னும் இருக்கிறது. கால் போத்தலும் ஊற்றுவார்கள். அந்தக் கடை எது என்று சனத்துக்குச் சொல்லுங்க. மற்றது சீட்டு. சீட்டுப் பிடிக்காத தெரு மட்டக்களப்பிலும் இல்லை, அம்பாறையிலும் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து தோய்க்கிற தூள் பெரிய பக்கெற் ஒன்று வாங்கி, ஹோர்லிக்ஸ் போத்தலால் அளந்து பிரித்தார்கள். முதல் மாதம் அளவில் சண்டை வந்தது. இரண்டாம் மாதம் தூளை விட்டுவிட்டுக் கட்டிச் சவர்க்காரத்துக்கு மாறினார்கள், நூல் போட்டு அறுத்தால் சரிபாதி, சண்டை இல்லை. இது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை.

20 மில்லிலீற்றர், 20 கிராமும் அதற்குக் குறைந்ததுமான பக்கெற்றுகள், உணவும் மருந்தும் தவிர, 2021 மார்ச் 31இலிருந்து தடை. எங்கள் ஊர்க் கடைகளில் தோரணம் இன்னும் இறங்கவில்லை. தலைக்குச் செவ்வரத்தை இலையும் தேசிக்காயும் போதும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வேலைக்கு ஐந்தரைக்குப் பஸ் ஏறுகிறவளிடம் இலை அரைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: துணிப்பைதானே எல்லாவற்றிலும் நல்லது? வகுப்பில் செயற்திட்டத்துக்காகக் கேட்கிறேன்.
*(பத்தாம் தர மாணவி, வாழைச்சேனை)*

மகள், "எத்தனை தரம் பாவிப்பீங்க?" என்று திருப்பிக் கேட்பேன்.

இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011இல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஒருதரம் பாவித்து எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டு, காலநிலைக்கு வரும் கேட்டை மட்டும் பார்த்தார்கள். காகிதப் பையை 3 தரம் பாவித்தால் சரிக்குச் சரி. பருத்திப் பையை 131 தரம் பாவிக்க வேண்டும். பருத்தி விளைவிக்க நிலம், தண்ணீர், உரம், பிறகு நூற்க, நெய்ய மின்சாரம் என்று அதன் கடன் பிறக்கும்போதே பெரிது. கிழமைக்கு இரண்டு தரம் சந்தைக்குக் கொண்டுபோனால் அந்தக் கடனை அடைக்க ஒரு வருஷமும் மூன்று மாதமும். நான் கொடுத்த அறுபது பையில் தலையணையானவை எத்தனை பிறவிக்கு அடைக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்க.

அந்தக் கணக்கில் வாவி இல்லை. ஓட்டமாவடிப் பாலத்தடியில் கண்டல் வேரில் சிக்கிக் கிடக்கிற பையை அது எண்ணாது, வலையில் மீனுக்குப் பதில் ஏறுகிற பையையும் எண்ணாது. ஆகவே செயற்திட்டத்தில் இரண்டையும் எழுதுங்க. உம்மாவின் அல்லது அம்மாவின் பழைய சேலையில் தைத்த பைக்குப் புதிய பருத்திக் கடன் இல்லை, அது முதல் நாளே இலாபம். பன்புல்லில் பின்னிய பன்பையும் பனையோலைப் பையான உமலும் அப்படித்தான், அவற்றுக்குப் பன்னும் ஓலையும் வெட்டக் கத்தி போதும். எங்கள் வீட்டில் ஒரு உமல் ஏழு வருஷம் ஓடியது, பிடி மட்டும் இரண்டு தரம் மாற்றினோம்.

உங்கள் ஊர்க் காகித ஆலையையும் சேர்த்து எழுதுங்க. 1950களில் தொடங்கியபோது அது வைக்கோலைக் கொண்டு காகிதம் செய்தது. வயலில் கொளுத்துகிற பொருளிலிருந்து கொப்பி. தாத்தாமாரில் யாராவது அங்கே வேலை செய்திருப்பார்கள், போய்க் கேட்டு எழுதுங்க. இணையத்தில் அள்ளியதைவிட ஆசிரியருக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்வி: என் மனைவி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றையும் எறிய விடுகிறா இல்லை. அலுமாரி திறந்தால் தலையில் விழுகிறது. கேட்டால் "ரீச்சர் எழுதியிருக்கிறா" என்கிறா.
*(பெயர் வேண்டாம், கல்லடி)*

டப்பாவைத் திறந்து ஐஸ்கிரீம் என்று நினைத்து ஐஸ் மீனைக் கண்ட துக்கமும் உங்களுக்கு இருக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு ஊற்றக் கூடாது. எட்டு டப்பா போதும். ஒன்பதாவது உங்களுடையது, ஆணி போட்டு வைக்கலாம்.

கேள்வி: கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு உகந்தையில் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிறோம், பத்து வருஷத்து நேர்த்தி. போன வருஷம் காட்டுக்குள் போன நண்பன் போத்தல் கிடக்கிற படம் அனுப்பினான். எங்களுடைய லேபலே இருக்கிறது. மனம் கேட்கவில்லை. கொடுக்காமலும் இருக்க முடியவில்லை.
*(வாலிபர் குழு, திருக்கோவில்)*

இந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். லேபல் தெரிந்தது நல்லது மகன். மற்றவர்கள் "யாரோ போட்டது" என்று தப்பிவிடுவார்கள்.

சின்ன வயதில் அம்மாவோடு நான் அந்த வழி நடந்திருக்கிறேன். உகந்தை முருகனிடம் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் குமுக்கன் ஆறு வரும் வரைக்கும் தோளில் சுரைக்குடுவை. அவலும் சர்க்கரையும் பன்பைக்குள். எறிய ஒன்றுமே இருக்கவில்லை, எங்களுக்கு ஒழுக்கம் கூட என்பதால் இல்லை. இப்போது குமணை, யால என்று இரண்டு வனவிலங்குப் பூங்காவுக்குள்ளால் ஆயிரக்கணக்கில் சனம் நடக்கிறது. கை நிறைய அரை லீற்றர்ப் போத்தலைக் கொடுத்து, குடித்து முடிந்ததை மூன்று நாள் சுமந்துகொண்டு போ என்றால் யார் சுமப்பார்?

தண்ணீரை நிறுத்த வேண்டாம். போத்தலை நிறுத்துங்க. ஆயிரம் லீற்றர்த் தாங்கி இரண்டு வைத்து, ஆறு ஆறு குழாய் பூட்டி, வடித்த தண்ணீரை நிரப்புங்க. பாதயாத்திரைக் குழுக்களின் வட்ஸ்அப்பில் ஒரு மாதம் முன்பே "உகந்தையில் நிரப்பலாம், பாத்திரம் கொண்டு வாங்க" என்று போடுங்க. ஆனால் குழாயைக் காட்டிவிட்டு நிற்பது கொடுத்த மாதிரி இராது, எனக்குத் தெரியும். கையிலிருந்து கைக்குப் போக வேண்டும், அதுதானே நேர்த்தி. அதற்கு எள்ளுருண்டை, கச்சான் அல்லது ஊறவைத்த அவல். அவலைத் தாமரை இலையில் வையுங்க. எங்கள் குளங்களில் தாமரைக்கா பஞ்சம்? கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு எங்கள் கோயிலில் தாமரை இலையில் சோறு போட்டு இன்றைக்கும் ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். இலையைக் காட்டில் எறிந்தாலும் மான் தின்னும்.

ஒரு ஆள் மட்டும் மூடியுள்ள பழைய போத்தல்களைக் கழுவி ஒரு பெட்டி வைத்திருங்க, பாத்திரம் இல்லாமல் வருகிற வயசாளிகளுக்கு.

கேள்வி: புதுக் குடித்தனம். ஃபேன் இரண்டு வாங்க வேண்டும். விலை கூடிய 'கரண்ட் மிச்சம்' ஃபேன் வாங்கலாமா?
*(இளம் தம்பதி, ஆரையம்பதி)*

வாங்கலாம். சாதாரணக் கூரை ஃபேன் 75 வாற் அளவு எடுக்கும், நீங்கள் சொல்கிற 'கரண்ட் மிச்சம்' வகை, அதாவது பி.எல்.டி.சி. மோட்டார் உள்ளது, 30 அளவு. ஒரு ஃபேன் நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்குப் பதின்மூன்றரை அலகு வித்தியாசம், இரண்டுக்கு 27. மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வீட்டுக்கு இந்த 27 பெரிய காரியம். கூடுதலாகக் கொடுத்த விலை எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதைக் கடையிலேயே போனில் கணக்குப் பாருங்க. பெட்டியில் எழுதியிருப்பதைவிட நிலைபெறுதகு வலு அதிகார சபையின் நட்சத்திர லேபலை நம்புங்க. கலியாணத்துக்கு யாராவது ஃபேன் தரப்போகிறார்களா என்று முதலில் விசாரியுங்க.

கேள்வி: பையில் 'எக்கோ', 'மக்கிப் போகும்' என்று எழுதியிருந்தால் வாங்கலாமா?
*(தாய், சம்மாந்துறை)*

எழுதுவதற்கு மை மட்டும் போதும். 'ஒக்ஸோ' வகைப் பையில் ஒரு மருந்து சேர்த்திருப்பார்கள். வெயில் பட்டால் பொருபொருத்து உதிரும். உதிர்ந்தது மறையாது, தூளாகிக் கிடக்கும். பெரிய பையைப் பொறுக்கி எடுக்கலாம், தூளை எப்படிப் பொறுக்குவது? ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய சட்டத்தால் அந்த வகையைத் தடுத்துவிட்டது. சோள மாவில் செய்த வகை உண்மையில் மக்கும், ஆனால் பலவற்றுக்கு அறுபது பாகை அளவு சூடுள்ள பெரிய கூட்டெருத் தொட்டி வேண்டும். வாவிக்குள் அந்தச் சூடு இல்லை. இலங்கைத் தர முத்திரையான எஸ்.எல்.எஸ். இலச்சினை தரத்துக்கானது, சுற்றாடலுக்கானது என்று எண்ண வேண்டாம். பொய்யாக எழுதி ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம்.

கேள்வி: கோடிக்கணக்கில் பிளாஸ்டிக் செய்கிறவனை விட்டுவிட்டு எங்களுக்கு ஏன் பாடம்?
*(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், மட்டக்களப்பு நகர்)*

ஐயா, கோபம் நியாயம். ஐக்கிய நாடுகளின் பாவனையாளர் பாதுகாப்பு வழிகாட்டி 1985இல் வந்தது. 1999இல் நிலைபேறான நுகர்வை அதில் சேர்த்தபோது, பொறுப்பு அரசுக்கும் வணிகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் பாவனையாளருக்கும் பொது என்றுதான் எழுதினார்கள். நம்மிடம் வந்து சேரும்போது மற்ற மூவரும் வழியில் இறங்கிவிட்டார்கள்.

ஆனால் மேலே இருந்து உத்தரவு மட்டும் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2021இல் இரசாயன உரம் வேண்டாம் என்று ஒரே அடியாக நிறுத்தினார்கள். எங்கள் வயற்காரருக்குக் கூட்டெரு செய்யச் சொல்லிக் கொடுக்க ஒரு போகமாவது விட்டார்களா? நவம்பரில் அவர்களே பின்வாங்கினார்கள். 'இயற்கைப் பசளை' என்றாலே இன்றைக்கும் என் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நல்ல சொல் ஒன்றைக் கெடுத்துவிட்டார்கள். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். லஞ்ச் ஷீட் தடை அந்த வருஷமே வந்தும், சோத்துப் பார்சல் இன்னும் எதில் கட்டி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுதுவினைஞர், மனு எழுதத் தெரிந்தவர். மாநகர சபைக்கு ஒன்று எழுதுங்களேன். கையெழுத்துக்கு என் பெயர் முதலாவதாக.

கேள்வி: தயிரைப் பிளாஸ்டிக்கில் வாங்காமல் சட்டியிலேயே வாங்குகிறேன். இப்போது வீடு நிறையச் சட்டி. என்ன செய்ய?
*(குடும்பத் தலைவி, செட்டிபாளையம்)*

இதைக் கேட்க ஆள் வராதா என்று இருந்தேன். மண்சட்டி என்றால் பாவம் இல்லை என்று நினைக்கிறோம். அதைச் சுட விறகு எரிந்திருக்கிறது, ஒரு தரம் தயிர் தின்று எறிந்தால் அதுவும் வீண்தான். நானும் கழுவி வெயிலில் காயவைத்து, தயிர்க்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தந்துவிட்டார். "கழுவினாலும் புளிப்புப் போகாது ரீச்சர். சட்டி குடிச்சிரும். புதுப் பால் திரிஞ்சிரும்." மண்ணின் துளைக்குள் கொழுப்பு ஏறிவிடுகிறது, அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகு தயிருக்கு என் சொந்தப் பாத்திரம் கொண்டுபோகிறேன். பெரிய முட்டியிலிருந்து அகப்பையால் வெட்டிப் போடுகிறார், மேல் ஆடை கொஞ்சம் உடைகிறது, ருசியில் குறைவில்லை.

பழைய சட்டிகளின் அடியில் ஆணியால் மூன்று துளை போட்டேன். இரண்டு உடைந்தன, பதினான்கு தப்பின. எல்லாவற்றிலும் கறிவேப்பிலைக் கன்று. சந்தைக்கு வருகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், பை கொண்டுவர மறந்தாலும் பரவாயில்லை, சட்டியை விளிம்பில் பிடித்தே தூக்கலாம்.